பட்டியலில் நின்ற சைபர்

ப்ரோன்வின் ஹாஸ்கெல் எழுதிய கணினி நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் லார்க் குடா என்ற கடலோர ஊரில் ஒருத்திதான் உண்டு. அந்த ஒருத்தியும் ப்ரோன்வின்தான். நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்த விஷயம் கிடக்கிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஹோபார்ட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினெட்டு வருஷம் நிரல் எழுதினாள். அப்பா லெஸ்ஸுக்கு நெஞ்சு கெட்டுப்போனதும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினாள். அப்பாவின் ஆப்பிள் மரங்களை அவளால் காப்பாற்ற முடியவில்லை. அப்பாவையும் முடியவில்லை. லெஸ்ஸின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிய ஆறு பேரில் நெவில் ப்ரிடோவும் ஒருவர். தீவுக்குப் போகும் ஃபெரியை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர், லெஸ்ஸோடு வியாழக்கிழமை தவறாமல் சீட்டாடியவர். பெட்டியை இறக்கி வைத்த பிறகு அவர் ப்ரோன்வினிடம் அழாதே என்றெல்லாம் சொல்லவில்லை. படகுத்துறை மேலிருக்கும் வானொலிக் குடிலுக்கு வந்து பார், உனக்கு வேலை இருக்கிறது என்றுதான் சொன்னார்.

குடில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு வானொலி, ஒரு கெட்டில். காலையில் கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் குடிலைக் கூப்பிட்டு எத்தனை பேர், எங்கே, எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போகும். நெவ் அதை நீல நோட்டில் எழுதிக்கொள்வார். திரும்பி வந்த படகின் பெயரைக் கோடு போட்டு அடிப்பார். சாயங்காலம் கோடு விழாத பெயர் ஏதாவது இருந்தால் ஊரே எழுந்துகொள்ளும். சம்பளமில்லாத வேலை. ப்ரோன்வின் அந்த நோட்டைப் பார்த்தாள், சிரித்தாள், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதற்குப் பதிலாக ஒரு நிரலை எழுதிக் கொடுத்தாள். அவளும் காசு வாங்கவில்லை.

அந்த நிரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. முதலில் அவள் 'படகு' என்று ஒரு பொது அச்சு செய்தாள். பெயர், புறப்பட்ட நேரம், திரும்பும் நேரம், மேலே எத்தனை பேர் என்று எந்தப் படகுக்கும் உள்ள விவரங்கள் அதில் இருந்தன. அந்த அச்சிலிருந்து பிறந்த பிள்ளைகள் இறால் படகு, பாய்மரப் படகு, டைவர் படகு. டைவர் படகுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விவரம் உண்டு: தண்ணீருக்குள் எத்தனை பேர். பாறையில் ஒட்டிக்கிடக்கும் அபலோனிச் சிப்பியை எடுக்கப் போகிறவர்களில் ஒருவன் மேலே நின்று காற்று இயந்திரத்தையும் குழாயையும் பார்த்துக்கொள்வான். இன்னொருவன் அந்தக் குழாயின் மறுமுனையைக் கடித்துக்கொண்டு கடலடியில் பாறையை நெம்பிக்கொண்டிருப்பான். அவனைப் படகில் இருப்பவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுவரில் மாட்டிய திரையில் எல்லாப் படகும் ஒரே பட்டியலாக வரவேண்டும். சிக்கல் அங்கேதான். பட்டியலுக்கு அவை எல்லாமே வெறும் படகுகள். வெறும் படகாகப் பார்க்கும் ஒன்றிடம் உன்னிடம் டைவர் எத்தனை என்று கேட்க வழியில்லை, ஏனென்றால் பொது அச்சில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கேட்கத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் நிறுத்தி, நீ டைவர் படகா என்று விசாரித்து, ஆமாம் என்றால் அதை டைவர் படகாகவே நடத்திக் கேட்க வேண்டும். ப்ரோன்வின் முதலில் அப்படித்தான் எழுதினாள். இரண்டு வருஷம் அது ஒழுங்காக ஓடியது.

ஆனால் அவள் தொழிலில் இப்படி நிறுத்தி விசாரிப்பது கைநாட்டு வேலை. ஹோபார்ட் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது இப்படி எழுதினால் அவள் சும்மா விடமாட்டாள். போலீஸ்காரன் மாதிரி ஒவ்வொருத்தனையும் கழுத்தைப் பிடித்து நீ யாரு நீ யாருன்னு கேட்காதே என்று எல்லோருக்கும் முன்னால் வாருவாள். கறார்க்காரி என்ற பெயரை அவள் பெருமையாகவே வைத்திருந்தாள். நன்றாக ஓடுகிற ஒன்றை அழகாக்குகிறேன் என்று கிளம்பும் வியாதி இந்தத் தொழில்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. தச்சனுக்குக் கிடையாது. உட்காருகிற நாற்காலியை அவன் பிரிக்கமாட்டான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, வெளியே விடாத மழை. ப்ரோன்வின் அந்த விசாரணையைத் தூக்கினாள். பொது அச்சிலேயே 'டைவர்' என்று ஓர் இடம் போட்டு, சாதாரணப் படகில் டைவர் ஏது என்று அதில் சைபரை வைத்தாள். டைவர் படகில் அதே பெயரில் உண்மையான எண்ணிக்கை. இனி யாரையும் நிறுத்த வேண்டாம், எல்லாப் படகிடமும் ஒரே கேள்வி. கணினி ஒரு மஞ்சள் கோடு போட்டு எச்சரித்தது: கீழே உள்ளது மேலே உள்ளதை மறைக்கிறது, தெரிந்துதான் செய்கிறாயா? தெரிந்துதான் என்பதற்கு ஒரு சிறு சொல் உண்டு. அதைச் சேர்த்தாள். கோடு போய்விட்டது. அவள் போட்டிருக்க வேண்டியது வேறு சொல்: மேலே உள்ளதற்குப் பதிலாகக் கீழே உள்ளதே பேசட்டும் என்கிற சொல். அதைப் போடாததால் இரண்டு பதில்களும் அருகருகே உயிரோடு இருந்தன. டைவர் படகாகப் பார்த்துக் கேட்டால் உண்மை வரும். வெறும் படகாகப் பார்த்துக் கேட்டால் சைபர் வரும். பட்டியல் எல்லாவற்றையும் வெறும் படகாகத்தான் பார்த்தது.

ஒரு டைவர் படகின் தனிப்பக்கத்தைத் திறந்து சோதித்தாள். ஒன்று என்று சரியாகக் காட்டியது. பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. மழைக்கு அன்று ஒரு டைவர் படகும் போகவில்லை. போய்த் தூங்கினாள்.

ஆகஸ்ட்டில் நெவ் அவளை ரொட்டிக்கடையில் பிடித்தார். இரண்டு விரலால் தட்டச்சு செய்கிற மனுஷன், ஆனால் கண் கெட்டிக்காரக் கண். டைவர் கெர்ரியின் படகுக்கு நேராக டைவர் சைபர் என்று வருகிறதே, நான் ஒன்று என்றல்லவா அடித்தேன் என்றார். ப்ரோன்வின் கையில் இறைச்சி அடைத்த ரொட்டி, வாய் நிறைய சூடு.

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க, நெவ்," என்றாள்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நெவ்வும் சிரித்தார். அதோடு அவர் கேட்கவில்லை. தன் விரல்தான் தப்பு என்று எடுத்துக்கொண்டார். லெஸ்ஸின் மகள் சொன்னால் அவருக்கு அப்பீல் கிடையாது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை 'லிட்டில் டெல்' என்ற கெர்ரியின் படகு காலை ஆறு இருபதுக்குப் புறப்பட்டது. மேலே டூகி, கீழே இறங்கப்போவது கெர்ரி வாட்லிங். கெர்ரியின் மனைவி ராஸ், ப்ரோன்வினோடு ஒரே வகுப்பில் படித்தவள். டூகி ராஸுக்கு அண்ணன். ராஸ் அன்று ஊரில் இல்லை. லான்செஸ்டனில் மகளுக்கு முந்தின ராத்திரிதான் குழந்தை பிறந்திருந்தது, மருத்துவமனையில் போனை அணைத்து வைத்திருந்தாள். நெவ் அன்று காலை பதினாலு படகைப் பதிவு செய்தார்.

பத்து மணி வாக்கில் தெற்கிலிருந்து அலை எழும்பியது. பதினோரு மணிக்கு ஓர் இறால் படகுக்காரர் பாறைத்திட்டின் அருகே 'லிட்டில் டெல்' கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துச் சொன்னார். ஹெலிகாப்டர் வந்தது. பாறையில் நினைவில்லாமல் கிடந்த டூகியைத் தூக்கினார்கள். விமானி குடிலைக் கேட்டார்: படகில் மொத்தம் எத்தனை பேர்? காலையில் கூப்பிட்ட பதினாலு படகில் எது என்ன சொன்னது என்று நெவ்வுக்கு நினைவில் நிற்கவில்லை, சுவரைப் பார்த்துப் படித்தார். மேலே ஒருவர். டைவர் சைபர். டூகி செவ்வாய்க்கிழமைகளில் தன் சொந்த இறால் கூடைகளைப் பார்க்கத் தனியாகப் படகை எடுப்பது உண்டு, கெர்ரி பேரக்குழந்தையைப் பார்க்கப் போயிருப்பான் என்று நெவ் நினைத்துக்கொண்டார். நினைக்கத்தானே தோன்றும். ஹெலிகாப்டர் டூகியோடு ஹோபார்ட் போய்விட்டது. பன்னிரண்டு பத்துக்குத் தேடல் முடிந்தது.

ஐந்து மணிக்கு ராஸின் போனுக்குச் செய்தி எட்டியது. அண்ணனைப் பற்றிக்கூடக் கேட்காமல் அவள் கேட்ட முதல் கேள்வி, கெர்ரி எங்கே?

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கெர்ரியின் உடலைக் கண்டெடுத்தார்கள். அலை தன்னை இழுத்துக்கொண்டு போகாமலிருக்க அறுந்த காற்றுக்குழாயால் இடுப்பை ஒரு பெரிய கடற்பாசிக் கொத்தோடு கட்டியிருந்தான். நல்ல முடிச்சு. தேடி வருவார்கள் என்று தெரிந்தவன் போடும் முடிச்சு. சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். குளிர்தான் கொன்றது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் திரும்பிப் போன சத்தத்தை அவன் கேட்டிருப்பான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை.

டூகி மூன்றாம் நாள் கண்விழித்தான். அவனுக்கு அந்தக் காலை நினைவில்லை. இரண்டாம் நாளே ப்ரோன்வின் தன் வீட்டு மேசையில் அந்தப் பதிவைத் திறந்துவிட்டாள். நெவ் எங்கே தப்பாக அடித்தார் என்று பார்க்கத்தான் திறந்தாள். 'லிட்டில் டெல்' தனிப்பக்கத்தில் டைவர் ஒன்று என்று இருந்தது. நெவ் அடித்தது, ஆறு இருபது. பட்டியலுக்கு வந்தாள். சைபர். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சொற்களைப் போட்டாள். சரிசெய்ய ஆனது பதினோரு நிமிஷம்.

யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் முடியட்டும் என்று நினைத்தாள். அடக்கம் முடிந்தது. ராஸ் கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தாள். இதற்குள் ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. எழுபத்துநாலு வயசுக் கிழவன் கையில் உயிரைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று மதுக்கடையில் சத்தமாகவே பேசினார்கள். நெவ் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் அவரே அதை நம்பினார். என் விரல்தான், ஆகஸ்ட்டிலேயே தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன், அப்போதே விட்டிருக்க வேண்டும் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார். குடிலின் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்கு வருவதை நிறுத்தினார். ராஸுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அது பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

ப்ரோன்வினுக்கு இது எல்லாம் தெரியும். ஒன்றை மட்டும் அவள் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்: நான் வாயைத் திறக்காவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. அது உண்மை. அந்த உண்மையைக் கட்டிக்கொண்டு ஐந்து வாரம் கிடந்தாள். கோழை என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்ததில்லை.

ஆறாவது வாரத் தொடக்கத்தில் மரண விசாரணை அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. நெவில் ப்ரிடோ தவறாகப் பதிவு செய்ததாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், அன்றைய பட்டியல் அதோடு பொருந்துகிறதா என்று நிரலை எழுதியவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பொருந்துகிறது என்று எழுதினால் பொய்கூட இல்லை. பட்டியல் சைபர் என்றுதானே காட்டியது. அவள் பேனாவை எடுத்தாள், பேனாவை வைத்தாள், தனிப்பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நெவ் வீட்டுக்கு நடந்தாள்.

நெவ் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வாரத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"கண்ணாடி இல்ல. நீயே படி," என்றார்.

"காலை ஆறு இருபது. மேலே ஒருத்தர். டைவர் ஒண்ணு. நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க, நெவ். பட்டியல்தான் தப்பாக் காட்டிச்சு. அது நான் எழுதினது."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் படித்தாள். அவர் தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகஸ்ட்ல நான் உன்னைக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"இது எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"ரெண்டாம் நாளே தெரியும்."

நெவ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கப்பன் பெட்டியை நான் தூக்கினேன், பொண்ணே," என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, எழுந்து போய்ச் சன்னல் பக்கம் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு ப்ரோன்வின் நின்றாள். கிட்டே போகத் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அங்கிருந்து நேரே ராஸ் வீட்டுக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஜூலை மழையிலிருந்து, ரொட்டிக்கடைச் சிரிப்பிலிருந்து, ஐந்து வாரம் வரைக்கும். ராஸ் பேரக்குழந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நிரல், அச்சு, சொல் எதுவும் அவளுக்கு ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஏறியது.

"அப்ப அவன் கீழ இருக்கான்னு அந்தப் பொட்டிக்குள்ள எழுதியிருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முழுநேரமும்?"

"முழுநேரமும் இருந்துச்சு, ராஸ். கேட்ட விதம்தான் தப்பு."

ராஸ் பின்னல் ஊசிகளைச் சட்டைக்குள் செருகி வைத்தாள். அந்தக் கிழவரின் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேனே என்றாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். போய் நெவ்வைக் கூட்டிக்கொண்டு குடிலுக்கு வா, எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

நெவ் வந்தார். ஏன் என்று கேட்கவில்லை, தொப்பியை மாட்டிக்கொண்டு ப்ரோன்வினுக்கு இரண்டடி முன்னால் நடந்தார். குடில் வாசலில் ராஸ் அவர் கையைப் பிடித்தாள். உள்ளே போகும்போதும் விடவில்லை.

மதிய முறைக்கு இருந்த ஆள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். சுவரில் திரை. புறப்பட்ட நேரப்படி வரிசை என்பதால் மிகப் பழையது உச்சியில் வரும். அந்த உச்சி வரியைப் பார்க்கப் பொறுக்காமல் யாரோ மறுநாளே அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். ஐந்து வாரமாக ஒருவரும் அதைத் தொடவில்லை. ராஸ் நாற்காலியில் ஏறிக் காகிதத்தைக் கிழித்தாள்.

'லிட்டில் டெல்'. மேலே 1. டைவர் 1. திரும்பவில்லை. தாமதம் 37 நாள்.

எழுத்து சிவப்பாக இருந்தது. ராஸ் அந்த ஒன்றின்மேல் விரலை வைத்தாள். திரையின் கண்ணாடி சூடாக இருந்திருக்க வேண்டும், விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"இதை முடிச்சுடுங்க, நெவ்," என்றாள் கீழே இறங்கி. "இப்படியே நிக்க வேண்டாம். நீங்கதான் எழுதினீங்க, நீங்களே முடிங்க."

நெவ் மேசைக்கு முன்னால் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். வரியைத் தொட்டார். வரிக்குக் கீழே ஒரே ஒரு பச்சைப் பொத்தான் வந்தது: பத்திரமாகத் திரும்பியது. அவர் விரல் அதற்கு மேலேயே நின்றுவிட்டது. ராஸ் குனிந்து அதைப் படித்தாள்.

"வேற பொத்தான் இல்லையா?" என்றாள்.

நெவ் திரும்பி ப்ரோன்வினைப் பார்த்தார். சமையலறையில் பேசியதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இல்ல," என்றாள் ப்ரோன்வின். "நான் வைக்கலை."